வலிப்பு இருக்கிறது, துருவ ஓட்டத்துக்குப் போகலாமா? நரம்பியல் மருத்துவரின் பதில்கள்

வலிப்புக்கு மாத்திரை எடுத்துக்கொண்டே நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் பலர் என்னிடம் சிகிச்சையில் இருக்கிறார்கள். பனிப்பிரதேசப் பந்தயங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கே: டாக்டர், எனக்கு 29 வயது. மூன்று வருஷமாக வலிப்பு இல்லை. லெவெடிரசெட்டம் எடுக்கிறேன். கனடாவின் பனியில் பல நாள் நடக்கும் நெடுந்தூரப் பந்தயமான யூகான் ஆர்க்டிக் அல்ட்ரா ஓட ஆசை. வலிப்பு இருந்த ஓட்ட வீராங்கனை டயான் வான் டெரனால் முடிந்தது என்னால் முடியாதா?

அவர் கதையை முழுசாகப் பாருங்கள். அமெரிக்கரான டயானுக்கு 1997இல் மூளையின் வலது பக்கத்தில், வலிப்பு கிளம்பிய, காதோரம் உள்ள டெம்பொரல் பகுதியில் ஒரு துண்டை அறுவை செய்து எடுத்தார்கள். அதற்கு முன்பு, வலிப்பு வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டிச் சொன்னதும் அதைத் தடுக்க ஷூவை மாட்டிக்கொண்டு ஓடுவார். யூகானில் 300 மைல் பந்தயத்தை அவர் வென்றது 2008இல்; அடுத்த வருஷம் 430 மைலையும் முடித்தார். அறுவைக்குப் பிறகு அவருக்கு வலிப்பு நின்றுவிட்டது. பதிலுக்கு ஞாபகசக்தியும் நேரம் போவதை உணரும் திறனும் குறைந்துபோயின. அந்தக் குறையோடு அத்தனை தூரம் போனதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் அவர் பனியில் இறங்கியது வலிப்பு நின்று பத்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகு.

உங்கள் மூன்று வருஷமும் வீட்டில் தூங்கி எழுந்த வருஷங்கள். யூகானின் அந்தப் பனிப்பாதையில் மைனஸ் 40 டிகிரி யாருக்கும் ஆச்சரியமில்லை. சாமான் ஏற்றிய பனிச்சறுக்கு வண்டியான ஸ்லெட்ஜை இழுத்துக்கொண்டு, பனியிலேயே சில மணி நேரம் கண்ணயர்ந்து, மறுபடி நடப்பார்கள். வலிப்பைக் கிளப்பிவிடும் முக்கியக் காரணங்களில் ஒன்று தூக்கக் கெடுதல். லெவெடிரசெட்டம் ஏழெட்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அசதியில் ஒரு வேளை விட்டாலும் ஆபத்து. முதலில் ஊரிலேயே ஓர் இரவு முழுக்க ஓடும் பந்தயத்தைத் துணையோடு, உங்கள் மருத்துவர் சம்மதத்துடன் முடியுங்கள். அது நல்லபடியாகப் போனால் மேலே பேசலாம்.

கே: குளிரே வலிப்பை வரவழைக்குமா?

குளிர் மட்டும் வரவழைக்காது. ஓடுவதும் பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் செய்வதில்லை. தூக்கமின்மை, விட்டுப்போன மாத்திரை, காய்ச்சல், ரத்தத்தில் சர்க்கரையோ சோடியமோ சரிவது, இவைதான் காரணங்கள். கார்பமாசெபின், ஆக்ஸ்கார்பசெபின் என்ற வலிப்பு மாத்திரைகளை எடுப்பவர்களுக்குச் சோடியம் ஏற்கெனவே குறைவாக இருக்கலாம். அவர்கள் தாகத்துக்கு மேல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போகக் கூடாது.

கே: மேடம், அண்டார்டிக் ஐஸ் மாரத்தான் மட்டும் போதும் எனக்கு. அதாவது பரவாயில்லையா?

பரவாயில்லை. வலிப்பு கட்டுக்குள் இருப்பவருக்கு நான் முதலில் சொல்வதே இந்த மாதிரிப் பந்தயத்தைத்தான். அண்டார்டிகாவின் யூனியன் கிளேசியரில் முகாமைச் சுற்றியே ஓட்டம், ஒரே நாளில் முடிந்துவிடும், மருத்துவரும் அருகில் இருப்பார். இரண்டு விஷயம் மட்டும் கவனம். சிலியின் புன்டா அரீனாஸிலிருந்து விமானம் கிளம்புவது வானிலையைப் பொறுத்தது. மாத்திரையைத் தேவைக்கு இரு மடங்காக, கைப்பையில் கொண்டுபோங்கள். டிசம்பரில் அங்கே சூரியன் மறையாது. கண்மூடி கட்டிக்கொண்டு தூங்குங்கள். மாத்திரை நேரத்துக்குக் கடிகார அலாரம் வையுங்கள்.

கே: டாக்டரம்மா, என் மகன் கிரீன்லாந்துக்குப் போகிறான். மருந்து உறைந்துவிடாதா?

மாத்திரைக்கு ஒன்றும் ஆகாது, அம்மா. சிரப்பும், அவசரத்துக்கு மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்ப்ரேயும் உறைந்துவிடும். ஸ்ப்ரேயை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருக்கச் சொல்லுங்கள். கூட வருபவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். கனத்த கையுறையோடு மாத்திரைப் பட்டையைப் பிரிக்க வராது, அதனால் டப்பாவில் போட்டுக்கொள்வது சுலபம். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை மட்டும் ஈரத்தை இழுக்கும். அதைப் பட்டையோடு ஒவ்வொன்றாகக் கத்தரித்து வைக்கட்டும். பாதி மருந்து சட்டைப் பையில், பாதி ஸ்லெட்ஜில் இருக்கட்டும்.

கே: கூட ஓடுபவருக்கு வலிப்பு வந்தால்? ஊரில் கையில் சாவி கொடுப்பார்களே?

வேண்டவே வேண்டாம். இரும்பு எங்கேயும் வலிப்பை நிறுத்துவதில்லை. மைனஸ் 40இல் வெறுங்கையில் உலோகம் பட்டால் தோலே உறைந்துபோகும். கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். எரியும் ஸ்டவ் இருந்தால் தள்ளிவையுங்கள். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, அடியில் பாய், மேலே ஸ்லீப்பிங் பேக். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஸ்ப்ரே அடியுங்கள். உதவி கேட்கும் சாட்டிலைட் கருவியை மட்டும் ஐந்து நிமிஷம் வரை காத்திராமல் உடனே அழுத்துங்கள், பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டி வந்து சேரவே மணிக்கணக்கு ஆகலாம்.

நின்ற பிறகுதான் கவனம் அதிகம் வேண்டும். தெளியாத நிலையில் கையுறையைக் கழற்றிவிட்டு எழுந்து நடப்பார்கள். உடல் மிகவும் குளிர்ந்துபோனவரும் இதே போலக் குழறுவார், தடுமாறுவார். ஒன்றை மற்றொன்றாக நினைத்துவிடாதீர்கள். தெளிந்தாலும் அவரைச் சூடேற்றுங்கள். அன்றைக்கு அவர் ஓட்டம் முடிந்தது.

கே: படிவத்தில் வலிப்பு என்று எழுதினால் சேர்க்க மாட்டார்கள். மறைத்தால் என்ன?

மறைத்துவிட்டுப் போகிறவருக்கு நான் தகுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவதில்லை. விழுந்துகிடக்கும் உங்களை எடுக்க வருபவருக்கு என்ன மருந்து கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று தெரிய வேண்டும். மறைத்தது தெரிந்தால் காப்பீட்டுப் பணமும் வராது. நரம்பியல் மருத்துவரின் கடிதத்தோடு நேராக எழுதிக் கேளுங்கள். ஒருவர் மறுத்தால் வேறொரு பந்தயத்துக்கு எழுதுங்கள்.

கே: மாத்திரை மந்தமாக்குகிறது. ஓட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு பாதியாக்கலாமா?

கூடாது. மாற்ற வேண்டுமானால் ஆறு மாதம் முன்பே மருத்துவரோடு உட்கார்ந்து மாற்றுங்கள்; புதிய அளவில் பழகிய பிறகு பயணச்சீட்டு வாங்குங்கள்.