டிரஸ்ஸர் பதில்கள்: கெலி மீனும் ஒரு பானைக் கஷாயமும்

கேள்வி: டிரஸ்ஸர் ஐயா, வீட்டுக்குப் பின்னால் 10 அடிக்கு 20 அடி கன்வஸ் குளத்தில் கெலி (கெளுத்தி) மீன் வளர்க்கிறோம். போன வாரத்திலிருந்து வயிற்றில் சிவப்புத் திட்டு, வால் நார்நாராகக் கிழிகிறது, தினம் ஐந்தாறு செத்து மிதக்கிறது. பக்கத்து வீட்டு அத்தை சொன்னார்கள் என்று கொய்யா இலையையும் மஞ்சளையும் கொதிக்கவைத்து ஒரு பானை ஊற்றினோம். மறுநாள் பதினொன்று போய்விட்டது. மூலிகை வேலை செய்யாதா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: செய்யும் தங்கச்சி. ஊற்றிய இடத்தில்தான் செய்யாது.

நீங்கள் சொல்லும் அடையாளம் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியாவுக்குப் பொருந்துகிறது. குளத்துத் தண்ணீரில் அது எப்போதும் இருப்பதுதான். மீன் தெம்பாக இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. தண்ணீர் கெட்டு, மீன் நெருக்கியடித்து, மேலில் கீறல் விழுந்தால் உள்ளே புகுந்துவிடும். கெலி மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்ளும் மீன். தலாப்பியா செத்துப்போகும் தண்ணீரில்கூட அது துள்ளும், நாமும் தண்ணீர் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்வோம். கண்ணை நம்பாமல் மூக்கை வைத்துப் பாருங்கள். தண்ணீரைக் கெடுக்கும் கோழிக்குடலைத் தீனியாகப் போடுகிறீர்களா? கடிதத்தில் எழுதவில்லை. ஆனால் நம்ம பக்கம் போடாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

மூன்றடி ஆழம் என்றால் உங்கள் குளத்தில் ஏறத்தாழ 17,000 லிட்டர். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் 31 வருஷம் மருந்து அளந்து கொடுத்தவன் சொல்கிறேன், ஒரு பானைக் கஷாயம் அதில் கடலில் கரைத்த பெருங்காயம். மஞ்சளின் சத்து தண்ணீரில் கரையவே கரையாது, அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இலைச் சக்கையும் சேர்ந்து அழுகி, இருந்த பிராணவாயுவையும் தின்றிருக்கும். கொய்யா இலைச் சாறு இந்தக் கிருமியை அடக்குவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள், அது உண்மை. ஆனால் அங்கே கெட்டியான சாறு நேராகக் கிருமிமேல் படுகிறது. தட்டில் கிருமி சாவது வேறு, குளத்தில் மீன் பிழைப்பது வேறு.

மூலிகை போகவேண்டிய வழி வாய். அதிலும் ஒரு சிக்கல், நோய் வந்த மீன் தின்னாது. ஆகவே இது நல்ல மீனுக்கு, நோய் வருமுன் கொடுப்பது. நான் செய்வது பூண்டு: ஒரு கிலோ தீவனத்துக்கு 10 கிராம். பச்சையாக நசுக்கிப் பத்து நிமிஷம் வைத்தால்தான் கிருமியைத் தாக்கும் காரம் உண்டாகும். வேகவைத்தால் அது போச்சு, ரசத்துக்குத்தான் ஆகும். ஒரு கரண்டி சமையல் எண்ணெயில் மஞ்சள்தூளையும் குழைத்துச் சேர்த்துப் பிசறி, நிழலில் உலர்த்திப் போடுங்கள்.

இப்போதைக்கு இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை இறைத்துவிட்டு, குளோரின் போக ஒரு நாள் பிடித்து வைத்த தண்ணீரை விடுங்கள். லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் கல்லுப்பு, அதாவது 17 கிலோ, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றுங்கள். செத்ததைச் சாக்கடையில் வீசாமல் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் வட்டார மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, உயிருள்ள நோய் மீனைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பினாங்கில் பத்து மாவுங் என்ற ஊரில் இதற்கென்றே துறையின் ஆய்வு மையம் இருக்கிறது. யாராவது பொட்டலத்தில் மஞ்சள் நிற மருந்துப் பொடி கொடுத்தால் வாங்காதீர்கள். நைட்ரோபியூரான், குளோராம்பெனிகால் என்ற கிருமிக்கொல்லி மருந்துகள் இரண்டும் சாப்பிடும் மீனுக்கு இங்கே தடை.

மீனைவிட முக்கியமான ஒன்று. வீட்டில் யாருக்காவது இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இருந்து, காலில் புண்ணும் இருந்தால், அவரைக் குளத்தில் இறங்க விடாதீர்கள். கெலி முள் குத்தினாலும் அலட்சியம் வேண்டாம். இதே கிருமி மனிதர் புண்ணிலும் ஏறும்.

கேள்வி: வேப்பிலை போடலாமா? மூலிகைதானே, தீங்கு வராதே?
- வாசகர், பீடோர்

பதில்: நானும் அப்படி நினைத்துத்தான் ஒரு கூடை வேப்பிலையை அரைத்துக் கொட்டினேன். விடிந்து பார்த்தால் தலாப்பியாக் குஞ்சு அறுபதும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. வீட்டுக்காரி ஒரு வாரம் அந்தப் பக்கம் வரவில்லை. அளவு மீறினால் வேம்பு மீனுக்கு விஷம். தூபா வேரும் செடிதானே ஐயா? ஆற்றில் அதை இடித்துப் போட்டு மீன் பிடித்த கதை உங்கள் தாத்தாவுக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போருக்கு முன் பூச்சிமருந்துக்காக மலாயாவிலிருந்து கப்பலேறிய வேர் அது. பிராணவாயு இருந்தும் மீனின் உடம்பு அதைப் பயன்படுத்த முடியாமல் செய்துவிடும்.

கேள்வி: சண்டை மீனுக்குக் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை போடலாமா?
- பள்ளி மாணவன், தாப்பா

பதில்: போடலாம் தம்பி. தானாக உதிர்ந்து காய்ந்த பழுப்பு இலையாக இருக்கட்டும், பச்சை வேண்டாம். ஒரு போத்தலுக்கு உள்ளங்கை அளவு போதும், தண்ணீர் வெறுந்தேயிலை நிறத்துக்கு வரும். செம்பனைத் தோட்டத்து ஓரம் பொறுக்காதே, அங்கே களைமருந்து அடிப்பார்கள்.