பனியன் கம்பெனியில் எல்லாத் தரப்பினரும் சமமாக, நிம்மதியாக வேலை செய்யும் சூழலை ஒரு முதலாளி எப்படி உருவாக்குவது?

திருப்பூரில் 120 பேர் வேலை செய்யும் யூனிட், பாதிக்கு மேல் பெண்கள், ஒடிசா, பிகார் ஆட்கள், காது கேளாத டெய்லர்கள் நாலு பேர், ஆர்டர் கொடுக்கும் பையர் "பன்முகத்தன்மை பாலிசி" கேட்கிறார், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆள் எடுக்கும் வழியில் தொடங்குங்கள். மேஸ்திரியிடம் "இருபது ஆள் கூட்டிட்டு வா" என்றால் அவர் தன் ஊரிலிருந்து, தன் தெருவிலிருந்து, தன் சொந்தபந்தத்திலிருந்துதான் கூட்டி வருவார். ஆறு மாதத்தில் அந்த லைன் (தையல் மிஷின் வரிசை) ஒரு சாதிக்காரர் லைன் ஆகிவிடும். வெளியாள் ஒருத்தி வந்து உட்கார்ந்தால் பாபின்கூட இரவல் கிடைக்காது. கேட்டில் "ஆட்கள் தேவை" என்று போர்டு வையுங்கள். வருகிறவரை இருபது நிமிடம் மிஷினில் உட்கார வையுங்கள். எல்லோருக்கும் ஒரே வேலை: ஓவர்லாக் மிஷின் என்றால் தோள் ஜாயின்ட், பேட்லாக் மிஷின் என்றால் பாட்டம் மடிப்பு. பத்துப் பீஸில் எத்தனை ஆல்ட்ரேஷனுக்குத் திரும்புகிறது என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். எந்த ஊர் என்று கேட்கலாம். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்கக் கூடாது. அந்தக் கேள்வி எதைத் துழாவுகிறது என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

"எங்க கம்பெனியில சாதியே கிடையாது" என்று கீழே கமென்ட் வரும். இருக்கட்டும். 2022இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தைத் தேடிப் படியுங்கள். பெண்கள் நடத்தும் ஒரு தொழிற்சங்கம் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தோடு போட்டது. பாலியல் வன்முறையோடு சாதி வன்முறையையும் அதில் பெயர் சொல்லியே எழுதினார்கள். லைனில் வேலை செய்பவர்களுக்கே பயிற்சி கொடுத்து, இப்படி நடந்தால் கண்டு சொல்லும் கண்காணிப்பாளர்களாக வைத்தார்கள். உங்களுக்கு ஒப்பந்தம் வேண்டாம், அந்த ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளலாம்.

காது கேளாத டெய்லர்களை ஒரே மூலையில் சேர்த்து உட்கார வைப்பதுதான் எல்லோரும் செய்கிற முதல் தப்பு. சூப்பர்வைசருக்கு அது வசதி. ஆனால் ஸ்டைல் மாறும்போது அந்த மூலைக்கு மட்டும் தகவல் கடைசியில் போகும், பீஸ் ரேட்டில் அந்த நாலு பேருக்குத்தான் கூலி அடிபடும். லைனுக்குள் பிரித்து வையுங்கள், ஆனால் ஒருவரை ஒருவர் கண்ணால் பார்க்கும்படி. ஓடுகிற மிஷினில் இருப்பவரைப் பின்னாலிருந்து தோளில் தட்டிக் கூப்பிடவே கூடாது. திடுக்கிட்டால் ஊசி விரலில் இறங்கும். மிஷின் தலைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு கண்ணாடி ஒன்றைப் பொருத்தினால் பின்னால் ஆள் வருவது தெரியும். இல்லையென்றால் டேபிள் லைட்டுக்கு ஒரு சுவிட்ச் வைத்து, இரண்டு தடவை அணைத்துப் போட்டால் "நிறுத்து" என்று பழக்குங்கள். வேலையை வாயால் விளக்காமல் சரியான பீஸ் ஒன்றையும் தப்பான பீஸ் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிடுங்கள். இது காது கேட்பவர்களுக்கும் உதவும், ஒடியாக்காரருக்கும் உதவும். தீ அலாரத்தோடு மின்னும் விளக்கு கட்டாயம், பாத்ரூமுக்குள்ளும் ஒன்று. அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

சக்கர நாற்காலி ஏறுகிற ராம்ப் (சரிவுப்பாதை) விஷயத்தில் கொத்தனாரை நம்பாதீர்கள். பைக் ஏற்றப் போட்ட சரிவைக் காட்டி "இதோ இருக்கே" என்பார்கள். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். வாசலில் இரண்டு படி இருந்தாலே 12 அடி ஆகிவிடும். வழவழப்பான டைல்ஸ் ஒட்டினால் மழை நாளில் நடந்து போகிறவரும் விழுவார். சிமென்ட்டில் கோடு இழுத்துவிடுங்கள், போதும். பாத்ரூம் கதவு 90 செ.மீ., உள்ளே சக்கர நாற்காலி திரும்ப 150 செ.மீ. வட்டம், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு ராம்ப் மேல் துணி பேல் அடுக்குவார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி சமவாய்ப்புக் கொள்கை எழுதி, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் பதிய வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ என்றால் அதற்கென்று ஒரு தொடர்பு அலுவலரும் வேண்டும்.

வடமாநில ஆட்களின் கூலியைக் காண்ட்ராக்டர் கையில் மொத்தமாகக் கொடுக்காமல் அவரவர் கணக்கில் போடுங்கள். நோட்டீஸ் ஒட்டினால் படிக்கத் தெரியாதவர் இருப்பார். இந்தியிலும் ஒடியாவிலும் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். ஒடிசாக்காரரை "இந்திக்காரன்" என்று கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லுங்கள், பெயர் இருக்கிறது. தீபாவளிக்கு ஆறாம் நாள் சத் பூஜை. அதற்குத்தான் பிகார், ஜார்க்கண்ட் ஆட்கள் ஊருக்குப் போகிறார்கள். "சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான்" என்று புலம்புகிறோம். ஜார்க்கண்ட் போகும் தன்பாத் எக்ஸ்பிரஸுக்கு முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. லீவு யார் யாருக்கு என்று அதற்கு முன்பே முடிவு சொன்னால் சொல்லிவிட்டுத்தான் போவார்கள், திரும்பியும் வருவார்கள். 2023 மார்ச்சில் பிகார் ஆட்களைத் தாக்குவதாகப் பொய் வீடியோக்கள் பரவியது நினைவிருக்கும். அப்படி ஒரு ராத்திரியில் அவர்கள் மொழியில் பேச, அவர்கள் நம்பும் ஆள் உள்ளே இருக்க வேண்டும். அன்றைக்குத் தேடினால் கிடைக்க மாட்டார்.

பாலியல் புகாருக்கான உள்ளகக் குழு 10 பேர் வேலை செய்தாலே கட்டாயம், இல்லாவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். தலைவர் பெண், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். புகார் கொடுக்க 3 மாதம், விசாரணைக்கு 90 நாள். இதெல்லாம் காகிதத்தில் எல்லோரிடமும் சரியாக இருக்கும். ஓனர் சொந்தக்காரப் பெண்மணியும் ஆபீஸ் ஸ்டாஃபும் மட்டும் குழுவில் இருந்தால் செக்கிங் டேபிளிலிருந்து ஒரு புகாரும் வராது. புகார் வராததைப் பெருமையாகச் சொல்வதுதான் இன்னும் மோசம். லைனில் இருந்து இரண்டு பேரைப் போடுங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பது குழுவின் கடமை.

குழந்தைக் காப்பகம் 50 பேரிலிருந்து சட்டம். கம்ப்ரஸர் பக்கத்து அறையைக் கொடுக்காதீர்கள். ஷிப்மென்ட் நெருக்கத்தில் ஆயாவைப் பிசிறு வெட்ட அனுப்பாதீர்கள்.

முதலாளிகளைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம். இதே பாலிசியைக் கேட்கிற பையர்தான் அடுத்த சீசனில் பீஸுக்கு இரண்டு ரூபாய் குறை என்கிறார். அந்த இரண்டு ரூபாயில்தான் ராம்ப்பும் ஆயா சம்பளமும் இருக்கிறது. பையரின் ஆய்வுக்கு ஃபைல் தயார்செய்து கொடுக்கும் ஆடிட் கன்சல்டன்ட்கள் தனிக்கதை. அவர்கள் விற்கிற பாலிசி ஃபைலை வாங்கினால், எட்டாம் பக்கத்தில் வேறு கம்பெனி பெயர் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. ஒருவர் போய்வந்த பிறகே அடுத்தவர் போகலாம் என்று லைனுக்கு ஒரு பாத்ரூம் டோக்கன் தொங்கவிட்டிருந்தால் நாளைக் காலை ஷிப்டுக்கு முன்னால் கழற்றிவிடுங்கள். டோக்கனுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் நீர்க்கடுப்பில் லீவு போடுவார்கள், அந்த லீவுக் கணக்கை நீங்கள் இதோடு சேர்த்துப் பார்த்தே இருக்க மாட்டீர்கள்.