ரிஃபைனரி வேலைக்கு எந்தப் படிப்பு? பிளஸ் டூ முடித்த மாணவரின் பெற்றோருக்கு

நாட்டில் ரிஃபைனரிகள், அதாவது கச்சா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், பெருகுகின்றனவே, பையனைப் பெட்ரோலியம் இன்ஜினியரிங்கில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ரிஃபைனரிதான் குறி என்றால் அது வேண்டாம். அந்தப் படிப்பில் பெரும்பகுதி, கச்சா எண்ணெயைத் தேடித் துளையிட்டு எடுப்பது பற்றியது. எடுத்ததைக் காய்ச்சிப் பிரிக்கும் ஆலைக்கு முதலில் தேவைப்படுபவர் கெமிக்கல் இன்ஜினியர். அடுத்துத்தான் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் (அளவிடும், கட்டுப்படுத்தும் கருவிகள் பற்றிய படிப்பு).

வளர்ச்சி உண்மைதான். 1998-ல் ஆண்டுக்குச் சுமார் 6.2 கோடி டன்னாக இருந்த இந்தியாவின் சுத்திகரிப்புத் திறன், 2024-ல் 25.6 கோடி டன்னைத் தாண்டியது. அசாமின் நுமாலிகர் ரிஃபைனரி 30 லட்சத்திலிருந்து 90 லட்சம் டன்னுக்கும், ஹரியானாவின் பானிபட் ரிஃபைனரி 1.5 கோடியிலிருந்து 2.5 கோடி டன்னுக்கும் விரிவடைகின்றன. ஆனால் திறன் பல மடங்கானால் ஆட்களும் அத்தனை மடங்காக மாட்டார்கள். எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும் கோபுரத்தைப் பெரிதாகக் கட்டினாலும், கன்ட்ரோல் ரூமில் திரை பார்க்க ஒரு ஷிஃப்டுக்கு அதே சிலர் போதும். கட்டுமானக் காலத்தில் வெல்டர், ஃபிட்டர் ஆயிரக்கணக்கில் வேண்டும். ஆலை ஓடத் தொடங்கியதும் அந்த வேலை முடிந்துவிடும்.

அடிக்கல்லை நம்பியும் படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நாகப்பட்டினம் பனங்குடியில் 90 லட்சம் டன் ஆலைக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்தவர்கள் 2025-ல் பட்டம் வாங்கியபோதும் ஆலை ஓடவில்லை. கெமிக்கல் படித்திருந்தால் உரம், மருந்து, பெயின்ட், காகிதம் என்று வேறு கதவுகள் உண்டு. அதனால்தான் அதையே சொல்கிறேன்.

இன்ஜினியரிங் கட்டணம் சுமை என்றால், பலர் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. பொதுத்துறை ரிஃபைனரிகளின் உற்பத்திப் பிரிவு ஆபரேட்டர் பணிக்கு, கெமிக்கல் டிப்ளமோவோடு கணிதம், இயற்பியல், வேதியியல் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளையும் எடுப்பது வழக்கம். பொதுப் பிரிவுக்கு வழக்கமாக 50 சதவீத மதிப்பெண் கேட்பார்கள். இங்கேதான் நம் பிள்ளைகள் சறுக்குகிறார்கள்: பி.எஸ்சி. வேதியியலில் சேர்ந்து, துணைப்பாடமாகத் தாவரவியலோ விலங்கியலோ எடுத்துவிட்டால் இந்த வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. துணைப்பாடம் கணிதமும் இயற்பியலும்தானா என்று சேரும் நாளிலேயே கேளுங்கள். பட்டம் முடிந்ததும், ஆலையிலேயே வேலை பழகும் ஓராண்டு அப்ரன்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கட்டும். வேலைக்கு அது உத்தரவாதமில்லை. ஆனாலும் பம்ப், ஹீட் எக்ஸ்சேஞ்சர், ஃபர்னஸ் பக்கத்தில் நின்று பழகியவருக்குத் தேர்வில் வரும் கேள்விகள் வெறும் மனப்பாடமாக இருக்காது.

இன்ஜினியராகவே போவதென்றால் மூன்றாம் ஆண்டிலேயே கேட் (GATE) என்ற தேசிய அளவிலான இன்ஜினியரிங் தேர்வுக்குத் தயாராக வேண்டும். அந்த மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். எல்லா நிறுவனமும் எல்லா ஆண்டும் கேட் வழியாக எடுப்பதில்லை. சொந்தக் கணினித் தேர்வும் வைக்கிறார்கள்.

ஒன்றை இந்த வாரமே செய்யுங்கள்: கண் மருத்துவரிடம் நிறக்குருடு சோதனை. எழுத்துத் தேர்வில் தேறியபின் வரும் மருத்துவப் பரிசோதனையில் பச்சை, சிவப்பு பிரித்தறிய முடியாதவர்களை ஆபரேட்டர் பணிக்கு எடுக்க மாட்டார்கள். பல பிள்ளைகளுக்குத் தனக்கு அந்தக் குறை இருப்பதே தெரியாது. இருந்தால் ஆலை வேலையை விட்டு வேறு துறை பார்க்க இன்னும் நேரம் இருக்கிறது.