வலிக்காத தேமல்: தொழுநோய் பற்றிய கேள்விகளும் பதில்களும்

தொழுநோய்ப் பிரிவில் இயன்முறை சிகிச்சையாளனாகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் எட்டினை எடுத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவு, ஒவ்வொருவருக்கும் உரிய சிகிச்சை ஆகியவற்றை நேரில் பரிசோதிக்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. முதுகில் வெளிறிய தேமல் ஒன்று மூன்று மாதமாக இருக்கிறது. அரிப்பும் இல்லை, வலியும் இல்லை என்பதால் களிம்பு தடவினால் போதும் என்கிறார் மாமியார். விட்டுவிடலாமா?

விட்டுவிட வேண்டாம், அம்மா, பதறவும் வேண்டாம். குழந்தைகளுக்கு வரும் வெளிறிய தேமல்களில் பெரும்பாலானவை தொழுநோய் அல்ல. பால் போல வெளுத்த வெண்புள்ளிக்கும் இந்நோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் "வலிக்கவில்லை, அரிக்கவில்லை" என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளும் வழக்கம்தான் என் பணிக்காலம் முழுவதும் என்னை வருத்தியது. மற்ற நோய்களில் வலிதான் நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்து வரும். இந்த நோயில் அழைத்து வர யாரும் இல்லை.

பையனைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்த நுனியால் முதலில் நல்ல தோலையும் பிறகு தேமலையும் மெதுவாகத் தொடுங்கள். தொட்ட இடத்தை அவன் விரலால் காட்ட வேண்டும். நல்ல தோலில் சரியாகக் காட்டுபவன் தேமலில் தொடும்போது பேசாமல் இருந்தால், மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சரியாகக் காட்டினாலும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. முதுகுத் தோலில் உணர்ச்சிக் குறைவு சில வேளைகளில் வீட்டுச் சோதனைக்குப் பிடிபடாது.

கேள்வி: இந்த நோயில் விரல்கள் அழுகி உதிர்ந்துவிடும் என்று சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். உண்மையா?

உண்மையல்ல. கிருமி விரலைத் தின்பதில்லை, நரம்பைக் கெடுக்கிறது. உடலில் சூடு குறைந்த இடங்களில்தான் அது நன்கு வளரும் என்பதால் தோல், மூக்கு, காது மடல், தோலுக்கு அருகே ஓடும் நரம்புகள் ஆகியவையே அதன் இலக்கு. முழங்கையின் உட்புறம் இடித்துக்கொண்டால் சுரீரென்று ஒரு மின்னல் ஓடுமே, அந்த நரம்பு தடித்துக் கெட்டால் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கிப்போகும். அந்தப் பக்கத்து உணர்ச்சியும் போய்விடும்.

1946இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் ஒரு நோயாளியின் மடங்கிய கையைக் குலுக்கியபோது, அந்தப் பிடி வலிக்கும் அளவுக்கு உறுதியாக இருந்ததைக் கண்டு திகைத்தார். முன்கைத் தசைகள் கெடவில்லை என்று அதிலிருந்து உணர்ந்தவர், நல்ல தசைநாண்களை மடங்கிய விரல்களுக்கு மாற்றிப் பொருத்தும் அறுவையை வேலூரில் வளர்த்தெடுத்தார். விரல்கள் எப்படிக் குறைகின்றன என்பதையும் அவர் குழுவினர் ஒவ்வொரு காயமாகத் தேடிப் பார்த்தார்கள். சூடான பாத்திரம், கதவிடுக்கு, துருப்பிடித்த பூட்டை வெறும் விரலால் முறுக்குவது என ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. இரவில் தூங்கும்போது எலி கடித்ததுகூட ஒரு காரணமாக இருந்ததால், நோயாளிகளுக்குப் பூனைகளைக் கொடுத்தனுப்பினார்கள்.

நானே ஒருவரைப் பார்த்திருக்கிறேன். எதிரில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். விரலிடுக்கில் பீடி எரிந்து தோலைத் தொட்டுவிட்டது. தீய்ந்த வாடை எனக்கு வந்தது, அவருக்கு எதுவும் தெரியவில்லை. நான் கையைப் பிடித்துத் தூக்கிய பிறகே குனிந்து பார்த்தார்.

கேள்வி: எங்கள் மாடியில் குடியிருப்பவர் இந்நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். காலி செய்யச் சொல்லும்படி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். எங்கள் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

தயவுசெய்து காலி செய்யச் சொல்லாதீர்கள். இந்நோய் தொட்டால் ஒட்டிக்கொள்வதில்லை. ஒரே தம்ளரில் குடிப்பதாலோ பக்கத்தில் உட்காருவதாலோ வருவதில்லை. சிகிச்சை பெறாத நோயாளியுடன் மாதக்கணக்கில் நெருங்கிப் பழகும்போது, மூக்கு, வாய்த் துளிகள் வழியாகப் பரவுகிறது என்பதே மருத்துவ உலகின் கருத்து. அப்போதும் பெரும்பாலானோருக்கு இயற்கையான எதிர்ப்புச் சக்தி உண்டு. மாத்திரை தொடங்கியவரிடமிருந்து பரவும் வாய்ப்பு விரைவில் நீங்கிவிடுகிறது. ஆகவே உங்கள் தெருவிலேயே இந்த நோயைப் பொறுத்தவரை அச்சம் தேவையில்லாத மனிதர் அவர்தான். தெரியாமல், மருந்தில்லாமல் இருப்பவரிடமிருந்தே பரவுகிறது. துரத்தப்படுவோம் என்று அஞ்சித்தான் அப்படிப்பட்டவர்கள் மறைந்து கொள்கிறார்கள்.

உங்கள் அச்சம் தீர ஒரு வழியும் இருக்கிறது. நோயாளியுடன் நெருங்கி இருந்தவர்களைப் பரிசோதித்து, தகுதியுள்ளவர்களுக்கு இந்நோய்க் கிருமியைக் கொல்லும் ரிஃபாம்பிசின் மாத்திரையை ஒரே ஒரு தவணை தடுப்பு மருந்தாகக் கொடுக்கிறார்கள். சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: தாய்ப்பால் கொடுக்கும் பெண் மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். கருவுற்றிருக்கும்போதும் பாலூட்டும்போதும் இந்நோய்க்குத் தரும், பல மருந்துகள் சேர்ந்த கூட்டு மருந்தைத் தொடரலாம். அதிலுள்ள குளோஃபாசிமின் என்ற மருந்தால் தாயின் தோல் கறுக்கும், குழந்தையின் நிறமும் சற்று மாறலாம். மருந்து முடிந்தபின் மெல்ல மாறிவிடும். ரிஃபாம்பிசின் சாப்பிட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போவதும் அச்சப்பட வேண்டியதல்ல. இந்த இரண்டையும் முன்கூட்டியே சொல்லாததால் மாத்திரை அட்டையைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

கேள்வி: பன்னிரண்டு மாத மருந்தை முடித்து அரை ஆண்டு ஆகிறது. இப்போது பழைய தேமல்கள் சிவந்து வீங்குகின்றன, முழங்கையில் குத்துவலி. நோய் திரும்பிவிட்டதா?

இந்தக் கேள்வியை எழுதிய ஐயா, பதிலை முழுதும் படிப்பதற்கு முன்பே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இது பெரும்பாலும் நோய் திரும்பியதல்ல, எதிர்வினை. இறந்த கிருமிகளின் எச்சங்களை எதிர்த்து உங்கள் உடலே நடத்தும் போராட்டத்தில் நரம்பு வீங்கி நசுங்குகிறது. சிகிச்சைக்கு முன்பும், நடுவிலும், முடிந்த பிறகும் இது வரலாம். வீக்கத்தைத் தணிக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரையைத் தக்க அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கைக்கு ஓய்வுப் பட்டை கட்டுவார்கள். நரம்பின் செயல் குறைந்து ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் மீளும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. நாள் தள்ளத் தள்ள அது குறைந்துகொண்டே போகும். "மருந்து முடிந்தது, இனி வர வேண்டாம்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் மடங்கிய விரல்களோடு எங்களிடம் திரும்பி வந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். கிருமியைக் கொல்வது எளிது. நரம்பைக் காப்பதே சிகிச்சையின் கடினமான பாதி.

கேள்வி: நான் நுண்ணுயிரியல் மாணவி. மிகவும் முன்னதாகக் கண்டுபிடிக்கப்பட்ட கிருமிகளில் ஒன்று என்கிறார்கள். பின் ஏன் ஆராய்ச்சி இவ்வளவு மெதுவாக நடக்கிறது?

நார்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் என்ற மருத்துவர் 1873இல் இக்கிருமியைக் கண்டார். ஆனால் இன்றுவரை இதைச் செயற்கை ஊடகத்தில் வளர்க்க முடியவில்லை. 1960இல் எலியின் பாதத்திலும், 1971இல் ஆர்மடில்லோ என்ற, உடற்சூடு குறைந்த அமெரிக்க விலங்கிலும் வளர்த்தார்கள். ஒரு கிருமி இரண்டாகப் பெருகவே சுமார் இரண்டு வாரம் ஆகிறது. நோய் வெளிப்படச் சராசரியாக ஐந்து ஆண்டு, சிலருக்கு இருபது ஆண்டும் ஆகும். அதனால் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால், நோயாளியால் பெரும்பாலும் சொல்ல முடிவதில்லை.

தங்கள் படிப்பில் ஹான்சனின் மறுபக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோய் பரவும் என்று நிறுவுவதற்காக 1879இல் ஒரு பெண் நோயாளியின் கண்ணில், அவருடைய ஒப்புதல் இல்லாமல், நோய்த் திசுவைச் செலுத்தினார். அடுத்த ஆண்டு நீதிமன்றம் அவரை மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது. நோயை ஆராய்பவர் நோயாளியை மறந்துவிடக் கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கேள்வி: 2005இலேயே இந்தியாவில் ஒழித்துவிட்டதாக அறிவித்தார்களே?

பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற அளவை எட்டியதைத்தான் அன்று அறிவித்தார்கள். அது தமிழில் "ஒழிப்பு" ஆனது. மக்களும் நோய் போய்விட்டது என்றே புரிந்துகொண்டார்கள். இன்றும் உலகில் ஆண்டுதோறும் 1,70,000 பேருக்கு மேல் புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள். அவர்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள்.

சமூகம் இன்னும் மெதுவாக நகர்ந்தது. கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1980களின் தொடக்கத்திலேயே பரிந்துரைத்தது. ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் குணமாகும் நோயைக் காரணம் காட்டி மணவிலக்குப் பெறலாம் என்ற பிரிவு, நம் தனிநபர் சட்டங்களிலிருந்து 2019இல்தான் நீக்கப்பட்டது. வறிய நோயாளிகளை அடைத்துவைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016வரை ஏட்டில் இருந்தது. குணமடைந்த ஒரு பெண் தன் திருமண அழைப்பிதழை என்னிடம் கொடுத்தபோது, "நீங்கள் வர வேண்டாம் ஐயா, உங்களை அங்கே யாராவது அடையாளம் கண்டுகொள்வார்கள்" என்று தலைகுனிந்து சொன்னார். நான் போகவில்லை.

கேள்வி: அப்பா குணமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. உள்ளங்காலில் உணர்ச்சி இல்லை, புண் ஆறி ஆறி மீண்டும் வருகிறது. வீட்டில் என்ன செய்வது?

அந்தப் புண் கிருமியால் வருவதல்ல, நடையால் வருவது. ஆகவே மாத்திரை கேட்டு அலைய வேண்டாம். புண் இருக்கும்வரை காலுக்கு ஓய்வு கொடுங்கள். ஆணி அடிக்காத, எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான நுண்துளை ரப்பர் உள்ளடி வைத்த செருப்பு மாவட்ட மருத்துவமனை வழியாகக் கிடைக்கும். வீட்டுக்குள்ளும் அதை அணியச் சொல்லுங்கள். தினமும் இருபது நிமிடம் சாதாரணத் தண்ணீரில் பாதத்தை ஊறவைத்து, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்த்து, ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ஆறாத புண் இருந்தால் ஊறவைக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். வெந்நீர் கூடவே கூடாது. சூடு அவருக்குத் தெரியாது.

இரவு படுக்கும் முன் செருப்பைக் கவிழ்த்துத் தட்டி, கல்லோ முள்ளோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அவர் பாதத்தை உங்கள் மடியில் வைத்து, புறங்கையால் தடவிப் பாருங்கள். மற்ற இடங்களைவிட ஓரிடம் சூடாக இருந்தால், நாளை புண் அங்கேதான் வரப்போகிறது. மறுநாள் அவரை நடக்க விடாதீர்கள்.