போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் நிறுவும்போது: லைப்ரரி, கம்பைலர் சிக்கல்கள் (கேள்வி பதில்)

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டும் தரவுத்தள மென்பொருள்கள். அவற்றை நிறுவும்போது வந்த எரர் செய்தியை முழுதாக அனுப்பியவர்களுக்குத்தான் இங்கே பதில்; கேள்விக்கு முன்னால் இருப்பது எழுதியவரின் ஊர். "வேலை செய்யுதில்ல அக்கா" என்று மட்டும் எழுதியவர்கள், திரையில் முதலில் வந்த எரர் வரியோடு திரும்ப எழுதுங்கள். கடைசி வரி பெரும்பாலும் அதன் எதிரொலிதான்.

ஹட்டன்: உபுண்டுவில் போஸ்ட்கிரெஸ்ஸை சோர்ஸ் கோடிலிருந்து கம்பைல் பண்ணுகிறேன் (ஓடும் புரோகிராமாக மாற்றுகிறேன்) அக்கா. தேவையானவை இருக்கிறதா என்று முதலில் சரிபார்க்கும் கன்ஃபிகரை ஓட்டினால், டைப் பண்ணும் வரியைத் திருத்த உதவும் ரீட்லைன் லைப்ரரி இல்லை என்று நிற்கிறது. ஆனால் ரீட்லைன் ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது தங்கச்சி, ஓடுவதற்கு மட்டும். உபுண்டு, டெபியன் இரண்டிலும் ஒரு லைப்ரரி (பல புரோகிராம்கள் பகிரும் கோட் தொகுப்பு) பொதுவாக இரண்டு பேக்கேஜாகப் பிரிந்து வரும். புரோகிராம் ஓடத் தேவையானது ஒன்றில். கம்பைலர் தேடும் ஹெடர் ஃபைல்கள் 'டெவ்' என்று பெயர் முடியும் மற்றதில். 'லிப்ரீட்லைன்-டெவ்' போடுங்கள். ஃபெடோரா பக்கம் போனால் 'டெவல்' என்று முடியும்.

அடுத்து, தரவைச் சுருக்கும் லைப்ரரியான இசட்லிப்பில் நிற்கும். அதன் பேக்கேஜ் 'இசட்லிப்1ஜி-டெவ்'. நடுவில் இருப்பது எண் 1, 'எல்' எழுத்து இல்லை. பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இது.

போஸ்ட்கிரெஸ் 16ஆம் பதிப்பிலிருந்து, பல மொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியூ லைப்ரரியையும் கேட்கும். 'வித்தவுட்-ஐசியூ' ஆப்ஷன் கொடுத்துத் தாண்டலாம் என்று பலர் சொல்வார்கள். தமிழ்ப் பெயர்களை வைத்து வேலை செய்கிற நாங்கள் அதைச் செய்யக் கூடாது என்பது என் கருத்து. வெறும் யுனிகோட் எண் வரிசையில் 'ன' என்பது 'ந'வுக்கும் 'ப'வுக்கும் நடுவில் நிற்கும், 'ற' என்பது 'ர'வுக்குப் பக்கத்தில் வரும். செக்ரோல் (தோட்டத் தொழிலாளர் பதிவேடு) பெயர்ப் பட்டியலை அப்படி அடுக்கிப் பாருங்கள், தேடுகிற ஆள் கிடைக்க மாட்டார். ஐசியூவின் வரிசை நம் அகரவரிசைப்படி வரும். 'லிப்ஐசியூ-டெவ்' போட்டுவிட்டே கம்பைல் பண்ணுங்கள்.

எல்லாம் போட்டும் அதே எரர் என்றால், அந்த ஃபோல்டரில் உள்ள கன்ஃபிக் லாக் ஃபைலில் 'ரீட்லைன்' என்று தேடுங்கள். கம்பைலர் உண்மையில் என்ன சொன்னது என்பது அங்கேதான் இருக்கும்.

அவரே: கம்பைல் ஆகிவிட்டது! ஆனால் நான் சி-யில் எழுதிய புரோகிராமை ஓட்டினால் 'லிப்பிக்யூ' (போஸ்ட்கிரெஸ்ஸோடு பேச உதவும் லைப்ரரி) ஃபைலைத் திறக்க முடியவில்லை என்கிறது.

இது வேறு சிக்கல். கம்பைல் பண்ணும்போது லைப்ரரி இருக்கும் இடத்தை நீங்கள் காட்டிக் கொடுத்தீர்கள். ஓடும்போது சிஸ்டம் தன் வழக்கமான இடங்களில் மட்டும் தேடுகிறது. 'எல்டிடி' கட்டளையை உங்கள் புரோகிராம் மீது ஓட்டினால் எது கிடைக்கவில்லை என்று தெரியும். ஈடிசி-க்குள் இருக்கும் 'எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி' ஃபோல்டரில் 'கான்ஃப்' என்று முடியும் ஒரு ஃபைல் வைத்து, அதில் போஸ்ட்கிரெஸ்ஸின் லிப் ஃபோல்டர் பாதையை எழுதுங்கள். அப்புறம் சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) 'எல்டிகான்ஃபிக்' ஒரு தடவை. சரியாகிவிடும்.

பண்டாரவளை: பாடசாலை லேப்பில் விண்டோஸ். மைஎஸ்கியூஎல் தொடங்கும்போது 'விசிரன்டைம்140' டிஎல்எல் (விண்டோஸின் லைப்ரரி ஃபைல்) இல்லை என்கிறது.

சேர், மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் போட வேண்டும். 64 பிட் மைஎஸ்கியூஎல் என்றால் எக்ஸ்64 பதிப்பு. எக்ஸ்86 மட்டும் போட்டால் எரர் அப்படியே இருக்கும். அந்த ஒரு டிஎல்எல்லை மட்டும் தருகிறோம் என்று வரும் தளங்களைப் பிள்ளைகள் தொடவே கூடாது.

மஸ்கெலியா: பைதனிலிருந்து போஸ்ட்கிரெஸ்ஸோடு பேச உதவும் சைகோபிஜி2 போட்டால் 'பிஜி கன்ஃபிக்' இல்லை என்கிறது.

'லிப்பிக்யூ-டெவ்', 'பைதன்3-டெவ்' இரண்டையும் போடுங்கள். படிப்பதற்கு மட்டும் என்றால் 'சைகோபிஜி2-பைனரி' போதும், கம்பைலரே வேண்டாம்.

பதுளை: 2 ஜிபி ராம் லேப்டாப்பில் மைஎஸ்கியூஎல் கம்பைல் பண்ணினேன். நீண்ட நேரம் ஓடி, கம்பைலர் உள்எரர், 'கில்ட்' என்று நின்றது. ஜிசிசி கம்பைலர் பழுதா?

இல்லை தம்பி. மெமரி தீர்ந்ததால் சிஸ்டத்தின் மையமான கெர்னலே கம்பைலரைக் கொன்றிருக்கும். 'டிஎம்இஎஸ்ஜி' கட்டளையை ஓட்டிப் பார்த்தால் பதிவு இருக்கும். மேக் கட்டளையில், ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்று சொல்லும் 'ஜே'க்குப் பக்கத்தில் 1 போடுங்கள், ராமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒரு ஸ்வாப் ஃபைலும் சேருங்கள். மெதுவாக ஓடும், ஆனால் முடியும். அதற்கு முன் ஒரு கேள்வி: கட்டாயம் கம்பைல் பண்ண வேண்டுமா? பாடத்துக்கு என்றால் உபுண்டுவின் நிறுவும் கருவியான ஏபிடியில் வரும் பேக்கேஜ் தாராளம்.

தலவாக்கலை: தோட்ட ஆபீஸ் கணினி, உபுண்டு 20.04. டவுன்லோட் பண்ணிய சர்வர் 'ஜிலிப்சி 2.34 இல்லை' என்கிறது. புது ஜிலிப்சியை இறக்கிப் போடவா?

வேண்டவே வேண்டாம். ஜிலிப்சி என்பது சிஸ்டத்தின் அடிப்படை சி லைப்ரரி. 'எல்எஸ்', 'சூடோ' உட்பட அந்தக் கணினியில் ஏறக்குறைய எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது. கை வைத்தால் லாகின்கூட வராமல் போகலாம். உபுண்டு 20.04இல் இருப்பது ஜிலிப்சி 2.31, உபுண்டு 22.04இல் 2.35. உங்களிடம் இருப்பது புதிய சிஸ்டத்துக்காகக் கம்பைல் பண்ணியது. 20.04க்கு உரிய பதிப்பைத் தேடுங்கள், அல்லது சிஸ்டத்தையே மேலே ஏற்றுங்கள். 20.04க்கான வழக்கமான அப்டேட் 2025 மே மாதத்தோடு நின்றுவிட்டதால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஏற்றுவதற்கு முன் கொழுந்துக் கணக்கு, செக்ரோல் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

மீண்டும் மஸ்கெலியா: எங்கள் லயத்து (தோட்டக் குடியிருப்பு) பக்கம் சிக்னல் வராது. டவுனில் இறக்கிக்கொண்டு வந்து போட முடியுமா?

முடியும். ஏபிடி-கெட் இன்ஸ்டாலோடு 'டவுன்லோட்-ஒன்லி' ஆப்ஷன் சேர்த்தால் நிறுவாமல் இறக்கி மட்டும் வைக்கும். லேப்டாப்பையே டவுனுக்குக் கொண்டுபோனால், வீட்டுக்கு வந்து அதே கட்டளையை அந்த ஆப்ஷன் இல்லாமல் ஓட்டினால் போதும். இன்னொருவர் கணினியில் இறக்குவதென்றால் இரண்டும் ஒரே உபுண்டு பதிப்பாக இருக்க வேண்டும். அவருடையதில் ஏற்கெனவே இருக்கும் பேக்கேஜ்களை அது இறக்காது, அதனால் உங்களிடம் ஒன்றிரண்டு குறையலாம்.