முதல் நதிக் கப்பல் பயணம்: கூடுதல் நாட்களை எங்கே வைப்பது?

ஐரோப்பிய ஆறுகளில் இதுவரை நான்கு முறை கப்பலில் போய் வந்திருக்கிறேன். டான்யூபில் இரண்டு, ரைனில் ஒன்று, போர்ச்சுகலின் டோரூவில் ஒன்று. முதல் முறை கிளம்புகிறவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. கூடுதல் நாள் என்று சொல்வது, கப்பல் பயணத்துக்கு முன்னாலோ பின்னாலோ ஓர் ஊரில் ஹோட்டலில் தங்கும் நாளை.

கேள்வி: அக்கா, டான்யூப், ரைன் இரண்டில் முதல் தடவைக்கு எது நல்லது?

ஊர் சுற்றப் பிடிக்கும் என்றால் டான்யூப். டெக்கில் உட்கார்ந்து கரையை வேடிக்கை பார்க்கப் பிடிக்கும் என்றால் ரைன். டான்யூப் பத்து நாடுகளைத் தொட்டு ஓடுகிறது. வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், பெல்கிரேடு என்று நான்கு தலைநகரங்கள் அதன் கரையிலேயே இருக்கின்றன. வழக்கமான ஒரு வாரப் பயணம் ஜெர்மனியின் பஸ்ஸாவுக்கும் ஹங்கேரியின் புடாபெஸ்டுக்கும் இடையில் நடக்கும். வழியில் மெல்க் முதல் கிரெம்ஸ் வரை சுமார் 36 கி.மீ. நீளத்துக்கு வாஹாவ் பள்ளத்தாக்கு வரும். இரு பக்கமும் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம், நடுவில் டுர்ன்ஸ்டைன் குன்றின் மேல் ஓர் இடிந்த கோட்டை. இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்டை 1192இல் பிடித்து அடைத்து வைத்தது அங்கேதான்.

ரைனில் ஒரு வாரம் என்றால் பெரும்பாலும் சுவிட்சர்லாந்தின் பாசல், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் இரண்டுக்கும் நடுவில். கோட்டைகள் வரிசைகட்டி நிற்கும் அந்தப் புகழ்பெற்ற பகுதி ரூடெஸ்ஹைமுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையில் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். மற்ற நேரம் சரக்குப் படகுகளும் தொழிற்சாலைகளும் நிறையக் கண்ணில் படும். அதுவும் எனக்குப் பிடிக்கும், ஆனால் எல்லோருக்கும் பிடிக்காது. என் ஓட்டு டான்யூபுக்கு.

கேள்வி: ஏழு இரவு, எட்டு நாள் என்று போட்டிருக்கிறார்கள். எட்டு நாள் போதாதா? கூடுதல் நாள் அவசியமா மேடம்?

அந்த எட்டை அப்படியே நம்பாதீர்கள். முதல் நாள் மதியத்துக்கு மேல்தான் கேபினுக்குள் விடுவார்கள். கடைசி நாள் காலைச் சாப்பாடு முடிந்ததும் பெட்டியோடு வெளியே வரவேண்டும். மிச்சம் ஆறு நாள். அந்த ஆறிலும் ஒவ்வோர் ஊரில் நான்கு மணி நேரம், ஆறு மணி நேரம் என்றுதான் கிடைக்கும். அதனால் பயணத் திட்டத்தைக் கையில் எடுத்து, எந்த ஊரில் கப்பல் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நாட்களை எண்ணுவதைவிட இந்த மணிக்கணக்குதான் உண்மையைச் சொல்லும். பெரிய ஊர், ஆனால் கப்பல் அவசரமாகக் கிளம்புகிறது என்றால் அங்கேதான் உங்கள் கூடுதல் நாள்.

கேள்வி: முன்னால் சேர்ப்பதா, பின்னால் சேர்ப்பதா?

மூன்று நாள் கிடைத்தால் இரண்டை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் வைப்பேன். ஒரே நாள்தான் என்றால் சந்தேகமே வேண்டாம், முன்னால்.

இது பட்டுத் தெரிந்துகொண்டது. முதல் பயணத்தில் கப்பல் கிளம்பும் அன்றே புடாபெஸ்டில் இறங்குவதாகத் திட்டம். இணைப்பு விமானம் தவறிப்போய் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது துறையில் வேறொரு கப்பல் நின்றது. நல்லவேளை, ஆற்றுக் கப்பல் என்பதால் துரத்திப் பிடிக்க முடிந்தது. மறுநாள் ரயில் ஏறி பிராட்டிஸ்லாவா போய் அங்கே கப்பலில் சேர்ந்துகொண்டோம். என் பெட்டி மட்டும் இன்னும் இரண்டு நாள் கழித்து வந்தது. அதுவரை கணவரின் சட்டைதான்!

கேள்வி: புடாபெஸ்ட், வியன்னா, பிராக் மூன்றில் இரண்டுக்குத்தான் நேரம் இருக்கிறது. எதை விடலாம்?

முதலில் ஒரு விஷயம். பிராக் டான்யூபில் இல்லை. அது வல்டாவா ஆற்றின் ஊர். கப்பல் கம்பெனிகள் 'பிராக் முதல் புடாபெஸ்ட் வரை' என்று விற்கும் பயணங்களில் பிராகிலிருந்து கப்பலுக்குப் பேருந்தில் பல மணி நேரம் கூட்டிப்போவார்கள். அதற்காக பிராக் வேண்டாம் என்று சொல்லவில்லை. கப்பல் எட்டாத ஊர் என்பதாலேயே அங்கே இரண்டு இரவு தங்குவது நியாயம். அந்தப் பேருந்துப் பயணத்தையும் கணக்கில் வையுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

வியன்னாவில் பல கப்பல்கள் ஓர் இரவு நிற்கும். துறை பெரும்பாலும் ரைஷ்ஸ்ப்ரூக்கே பாலத்தின் அருகில். அங்கிருந்து சிவப்பு நிற யு1 மெட்ரோவில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ், அதாவது ஊரின் நடுமையம். சுற்றுலாப் பேருந்தை விட்டுவிட்டு நீங்களே போனால் ஒன்றரை நாளில் ஷோன்ப்ரூன் அரண்மனையும் ஓர் அருங்காட்சியகமும் பார்த்துவிடலாம்.

புடாபெஸ்டில் பயணம் தொடங்கினால் கப்பல் அன்றிரவோ மறுநாளோ கிளம்பிவிடும். செசேனி வெந்நீர்க் குளத்தில் அரை நாள் ஊறிக்கிடக்கவே தனியாக ஒரு நாள் வேண்டும். அதனால் உங்கள் வழியில் வியன்னாவில் கப்பல் இரவு நிற்கிறது என்றால் விடவேண்டியது வியன்னாவைத்தான். புடாபெஸ்டுக்கும் பிராகுக்கும் நாள் ஒதுக்குங்கள். இதைச் சொன்னால் இசைப் பைத்தியங்கள் என்னை அடிக்க வருவார்கள், தெரியும்.

கேள்வி: விசா எந்த நாட்டுக்குப் போடுவது? கப்பல் நான்கு நாட்டுக்குப் போகிறதே!

ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா, தேவைப்படுகிறவர்களுக்கு விதி இதுதான்: எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பம். சமமாக வந்தால், முதலில் நுழையும் நாடு. கப்பலில் கழியும் நாட்களும் அந்தந்த நாட்டுக் கணக்கில்தான் சேரும். ஆகவே கூடுதல் நாட்களை முடிவு செய்யாமல் விசாவுக்கு ஓடாதீர்கள். புடாபெஸ்டில் இரண்டு நாள் சேர்த்ததில் ஆஸ்திரியாவுக்குப் போகவேண்டிய விண்ணப்பம் ஹங்கேரிக்கு மாறிவிடலாம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

புடாபெஸ்டுக்குக் கீழே கருங்கடல் பக்கம் போகும் கப்பல் என்றால் இன்னொரு கண்ணி இருக்கிறது. செர்பியா ஷெங்கனில் இல்லை. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியிலிருந்து முழுமையாக உள்ளே வந்துவிட்டன. பெல்கிரேடு பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே நுழைய, பலமுறை நுழையும் விசாவாக இருக்கவேண்டும். ஒருமுறை விசாவோடு போனால் சிக்கல்தான். செர்பியாவின் விசா விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பால்கனி கேபினுக்கு நிறையக் கூடுதல் கேட்கிறார்கள். தகுமா?

ஓடும்போது தகும். நிற்கும்போது? பெரிய ஊர்களில் துறையில் இடம் போதாமல் கப்பல்களைப் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டி நிறுத்துவார்கள். திரையை விலக்கினால் எதிர்க் கப்பலில் ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருப்பார். நல்ல காட்சிக்கு எப்படியும் மேல் டெக்குக்குத்தான் போவீர்கள். அடித்தளத்து கேபினில் ஜன்னல் சின்னது, திறக்காது. ஆனால் தூங்க மட்டும்தான் வருவோம் என்பவர்களுக்கு அதுவே போதும். மிச்சமாகும் பணத்தில் கூடுதல் நாட்களின் ஹோட்டல் செலவு ஓரளவு ஈடாகும்.

கேள்வி: கடல் மாதிரி ஆடுமா? எனக்குத் தலைசுற்றல் உண்டு.

ஆடாது. பயப்படாமல் போய் வாருங்கள்.

கேள்வி: ஆற்றில் தண்ணீர் இல்லாமல் பேருந்தில் கூட்டிப்போனார்கள் என்று தோழி சொன்னாள். உண்மையா?

உண்மைதான். 2018லும் 2022லும் ரைனில் தண்ணீர் வற்றி கப்பல் போக்குவரத்து திணறியது. தண்ணீர் கூடினாலும் தொல்லைதான். மாலுமி அறையைக் கீழே இறக்கினாலும் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாது. 2024 செப்டம்பர் வெள்ளத்தில் டான்யூபில் கப்பல்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ஒரு பகுதிதான் தடைபட்டது என்றால், தடைபட்ட இடம் வரை ஒரு கப்பல், பிறகு பேருந்து, அந்தப்புறம் அதே மாதிரி இன்னொரு கப்பல் என்று மாற்றுவார்கள். எப்போது நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் வறட்சி ஆபத்து அதிகம் என்பது மட்டும் பொதுவான அனுபவம். பணம் கட்டும் முன் 'வழி மாறினால் என்ன தருவீர்கள்' என்ற பகுதியைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு ஒருமுறை இரண்டு நாள் பேருந்தில் போனது, கிடைத்தது ஒரு மன்னிப்புக் கடிதம்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. அழைத்துப் போகலாமா?

தாராளமாக. ஆனால் இரண்டு விஷயம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பல கப்பல்களில் லிஃப்ட் இருக்கும், ஆனால் மேல் டெக்குக்கும் அடித்தளத்துக்கும் போகாது. ஆகவே நடுத் தளத்தில் கேபின் எடுங்கள். அப்புறம் அந்த ஒட்டி நிறுத்தும் கதை இருக்கிறதே, அப்போது கரைக்குப் போக ஒரு கப்பலின் மேல் டெக்கில் ஏறி இன்னொன்றில் இறங்கவேண்டி வரலாம். பழைய ஊர்களில் தெரு முழுக்க உருண்டைக் கல் பாவியிருக்கும், கைத்தடி அவசியம். நடைச் சுற்றுலாவில் மெதுவாக நடக்கிறவர்களுக்குத் தனிக் குழு சில கப்பல்களில் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

கேள்வி: டிசம்பரில் போகலாமா?

கிறிஸ்துமஸ் சந்தைகளுக்காக என்றால் போகலாம். நவம்பர் கடைசியில் தொடங்கும். ஆனால் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஆற்றையும் கரையையும் பார்க்க ஆசை என்றால் மே அல்லது ஜூன்.

கேள்வி: கூடுதல் நாள் ஹோட்டலைக் கப்பல் கம்பெனியே ஏற்பாடு செய்கிறதாம். நாமே போட்டால் மலிவா?

பெரும்பாலும் மலிவு. விமான நிலைய வண்டியும் பெட்டி தூக்கும் வேலையும் அவர்கள் பொறுப்பு என்பதற்குத்தான் அந்த விலை. நிற்காமல் வரும் களைப்பில் முதல் ஊரில் அவர்களிடமும், கடைசி ஊரில் நாமே பார்த்தும் போடலாம். ஆம்ஸ்டர்டாமில் தங்கினால் அன்னா ஃபிராங்க் வீட்டு டிக்கெட்டை முதலில் பாருங்கள். செவ்வாய்க்கிழமைதோறும் ஆறு வாரம் கழித்து வரும் தேதிகளுக்குத் திறப்பார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கேள்வி: ரைன்தான் என்று முடிவாகிவிட்டது. பாசலில் ஏறுவதா, ஆம்ஸ்டர்டாமில் ஏறுவதா?

ஆம்ஸ்டர்டாமில். அங்கிருந்து ஓட்டத்தை எதிர்த்துப் போவதால் கப்பல் மெதுவாகப் போகும், கோட்டைப் பகுதியில் பார்க்க நேரம் அதிகம் கிடைக்கும். பாசலில் இறங்கினால் ஒரு மணி நேர ரயிலில் லூசெர்ன். கூடுதல் இரண்டு நாளை அங்கே ஏரியோடும் மலையோடும் கழிக்கலாம். கரையில் கிலோமீட்டர் பலகைகள் வரும், கவனியுங்கள். ரைனுக்குக் கணக்கு கான்ஸ்டான்ஸ் பாலத்தில் பூஜ்யத்தில் தொடங்குகிறது. நீங்கள் ஏறிப்போவதால் எண் குறைந்துகொண்டே வரும். கோட்டைப் பகுதியில் இருக்கும் புகழ்பெற்ற லோரெலை பாறை 554ஐ ஒட்டி வரும். 560ஐத் தாண்டியதும் காபிக் கோப்பையோடு மேல் டெக்குக்குப் போய் இடம் பிடித்துவிடுங்கள்.