அப்பா பெயரில் இருக்கும் கடை: ஒரு 'பவர்' போட்டால் போதுமா?

கேள்வி: திண்டுக்கல்லில் எங்கள் ஹார்டுவேர் கடையை அப்பா 1988-ல் சொந்தச் சம்பாத்தியத்தில் தொடங்கினார். ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு, சிசி (கேஷ் கிரெடிட்) கடன், கடைக் கட்டடம் எல்லாம் அவர் பெயரில்தான். வயது 72. சமீபத்தில் ஸ்டென்ட் வைத்தோம். அண்ணன் இருபது வருடமாகக் கடையைப் பார்க்கிறார். நான் ஆறு வருடம் முன்பு வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தேன். தங்கை கல்யாணமாகிக் கோவையில் இருக்கிறாள். பத்திரம் எழுதுபவர், "அப்பா சார்பில் செயல்பட அண்ணன் பெயருக்கு ஒரு பவர் (அதிகாரப் பத்திரம்) போட்டால் போதும். இல்லையென்றால் அப்பாவும் அண்ணனும் மட்டும் பார்ட்னர்ஷிப் போடட்டும். தங்கச்சியிடம் 'பங்கு வேண்டாம்' என்று ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள்" என்கிறார். இதில் எதைச் செய்வது?

பதில்: மூன்றில் எதையும் செய்யாதீர்கள். அப்பா திடமாக இருக்கும்போதே அப்பா, அண்ணன், நீங்கள் என மூன்று பேரும் சேர்ந்து ஒரு பார்ட்னர்ஷிப் ஃபர்ம் தொடங்குங்கள். கடை வியாபாரத்தை அதற்கு மாற்றுங்கள். கட்டடத்தை அதில் சேர்க்க வேண்டாம்; அதற்கு அப்பா தனியாக உயில் எழுதட்டும்.

பவர் பத்திரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரைதான் செல்லும். அவர் கண்ணை மூடிய நொடியில் அது வெறும் காகிதம். அவருக்கு யோசித்து முடிவெடுக்கும் நிலை போய்விட்டாலும் அதை நம்ப முடியாது. எந்த நாளை நினைத்து நீங்கள் பயப்படுகிறீர்களோ, அந்த நாளில்தான் அது கைவிடும். இதைச் சொல்லாமல் பவருக்குக் கட்டணம் வாங்குகிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

தனி உரிமையாளர் வியாபாரத்தில் ஆள் வேறு, கடை வேறு என்று சட்டம் பார்ப்பதில்லை. ஜிஎஸ்டி பதிவு அப்பாவின் பான் எண்ணோடு ஒட்டியது. அவர் காலமானால் அந்த எண்ணில் நீங்கள் தொடர்ந்து பில் போட முடியாது. வாரிசு தன் பான் எண்ணில் புதிய பதிவு எடுக்க வேண்டும். பழைய பதிவில் நிற்கும் வரி வரவை (சரக்கு வாங்கும்போதே கட்டிய வரிக்கான கழிவை) ஐடிசி-02 என்ற படிவம் மூலம் புதிய பதிவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கான ஓடிபி அப்பாவின் போனுக்குப் போகும். போனின் பூட்டு எண் யாருக்கும் தெரிந்திருக்காது. பெயின்ட் கம்பெனிக்கும் பைப் டீலருக்கும் அவர் முன்தேதியிட்டுக் கொடுத்த செக்குகள், வங்கிக்குத் தகவல் போனபிறகு வந்தால் திரும்பிவிடும். காரியம் முடிவதற்குள் சப்ளையர்கள் 'துக்கம் விசாரிக்க' வந்து பாக்கியையும் விசாரித்துவிட்டுப் போவார்கள். கணக்கில் நாமினி இருக்கிறார் என்று தைரியமாக இருக்காதீர்கள். நாமினி என்பவர் மிச்சப் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பிப்பவர், அவ்வளவுதான். கடையை நடத்தும் அதிகாரமோ சிசி கடனில் பணம் எடுக்கும் உரிமையோ அவருக்கு வராது.

இறப்புச் சான்றிதழைக் கொடுப்பது அரசு. அதே சான்றிதழின் நகலை வங்கியிலும் ஜிஎஸ்டியிலும் தாலுகா ஆபீஸிலும் தனித்தனியாக நீட்டிக்கொண்டு நிற்பது, அப்பாவை அப்போதுதான் இழந்த பிள்ளைகள். வாரிசுச் சான்றுக்கு விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மேசை மேசையாகப் போய்த் திரும்புவதற்குள் கடையில் சரக்கு தீர்ந்து வாடிக்கையாளர் எதிர்க் கடைக்குப் போய்விடுகிறார். ஒரு மரணத்தை ஒரு முறை பதிந்தால் எல்லா அலுவலகத்துக்கும் தானாகப் போய்ச் சேரும் ஏற்பாட்டை ஏன் இன்னும் செய்யவில்லை என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஆகவே அந்த வரிசையில் நீங்கள் நிற்கவே வேண்டாத வழியைத்தான் சொல்கிறேன்.

அப்பாவும் அண்ணனும் மட்டும் பார்ட்னர்ஷிப் போட்டால் என்ன தப்பு என்கிறீர்களா? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இங்கேதான் நிறையக் குடும்பங்கள் விழுகின்றன. 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி ஒரு பங்குதாரர் இறந்தால் ஃபர்ம் கலைந்துவிடும். 'கலையாது, தொடரும்' என்று டீடில் (பார்ட்னர்ஷிப் ஒப்பந்தப் பத்திரத்தில்) எழுதிக்கொண்டால் தொடரலாம். இந்த வரியை எல்லா ரெடிமேட் டீடிலும் போட்டுவிடுகிறார்கள். ஆனால் இரண்டே பேர் உள்ள ஃபர்மில் ஒருவர் போனால் மிஞ்சுவது ஒரே ஆள். ஒரு ஆள் தனக்குத் தானே பார்ட்னராக இருக்க முடியாது. என்ன எழுதியிருந்தாலும் அந்த ஃபர்ம் அன்றோடு முடிந்தது. 1965-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. பழைய ஃபர்மின் பான் எண் போய்விடும், ஜிஎஸ்டியை மறுபடி எடுக்க வேண்டும், வங்கியில் மறுபடி முதலிலிருந்து. எந்தச் சிக்கலுக்குப் பயந்து பார்ட்னர்ஷிப் போட்டீர்களோ அதே சிக்கல் வாசலில் வந்து நிற்கும்.

மூன்று பேராகத் தொடங்கினாலும் அப்பாவுக்குப் பிறகு நீங்களும் அண்ணனும் இரண்டே பேர் ஆகிவிடுவீர்கள் என்பதை மறக்காதீர்கள். அந்த நிலை வந்ததும் தள்ளிப்போடாமல் மூன்றாவது ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மாவாக இருக்கலாம், அண்ணியாக இருக்கலாம், ஏன், தங்கையாகவே இருக்கலாம். சிறு சதவிகிதம் போதும். மைனர் பிள்ளையின் பெயரைப் போட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். மைனருக்கு லாபத்தில் பங்கு தரலாமே தவிர அவன் முழுப் பங்குதாரர் ஆக மாட்டான்.

அடுத்து, பணம். டீடில் எதுவும் எழுதாவிட்டால் லாபத்தைச் சமமாகப் பிரிக்க வேண்டும், வேலை பார்த்ததற்குச் சம்பளம் கிடையாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இருபது வருடம் ஷட்டர் திறந்த அண்ணனுக்கும் ஆறு வருடம் முன்பு வந்த உங்களுக்கும் ஒரே கணக்கு என்றால் இன்றைக்கு அண்ணன் வாயைத் திறக்க மாட்டார். அண்ணி திறப்பார், அதில் நியாயமும் இருக்கும். உழைப்புக்குச் சம்பளம், போட்ட முதலுக்கு வட்டி, உரிமைக்கு லாபப் பங்கு, அப்பாவின் கட்டடத்துக்கு வாடகை என்று நான்கையும் தனித்தனியாக எழுதுங்கள். கல்லாவிலிருந்து வீட்டுச் செலவுக்கு அள்ளும் பழக்கத்தை அன்றோடு நிறுத்துங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் பங்குதாரருக்குத் தரும் சம்பளமும் வட்டியும் வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவிகிதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். ஆடிட்டரிடம் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.

ஒருவர் விலகினாலோ காலமானாலோ அவர் பங்கை எப்படி மதிப்பிடுவது, எத்தனை தவணையில் தருவது என்பதையும் எழுதியாக வேண்டும். ஃபர்ம் தொடர்ந்தாலும் அப்பாவின் மூலதனம் அவர் வாரிசுகளுடையது. தவணை எழுதாவிட்டால் மொத்தத்தையும் ஒரே நாளில் எடுத்து வைக்கச் சொல்லி வழக்கு வரலாம். பழைய டீடை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கிறவர்களிடம் இதெல்லாம் கிடைக்காது. ஹார்டுவேர் கடைக்கு எழுதிய டீடில் 'அரிசி, பருப்பு மொத்த வியாபாரம்' என்று இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆறு வருடம் அதை யாரும் படிக்கவில்லை.

இனி தங்கை விஷயம். அப்பா உயிரோடு இருக்கும்போது, நாளை வரப்போகும் பங்கை இன்றே விட்டுக்கொடுப்பதாகத் தங்கை எழுதித் தரும் காகிதம் பெரும்பாலும் கோர்ட்டில் நிற்காது. இன்னும் கைக்கு வராத வாரிசு உரிமையை யாரும் கைமாற்ற முடியாது என்று சொத்து மாற்றுச் சட்டமே சொல்கிறது. அந்தக் கையெழுத்தால் உங்களுக்குக் கிடைப்பது தங்கையின் மனக்கசப்பு மட்டும்தான். வெற்றுப் பத்திரத்தில் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளை மறுபடி கடைப் படியேற விடாதீர்கள்.

சுயமாகச் சம்பாதித்த சொத்தை அப்பா விரும்பியபடி உயில் எழுதலாம். உயில் இல்லாவிட்டால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள் மூவர் என நான்கு சம பங்கு. தங்கைக்குக் கல்யாணம் ஆனதால் ஒரு பைசா குறையாது. உயிலில் கட்டடம், ஃபர்மில் அப்பாவுக்குள்ள மூலதனம், அம்மாவுக்கு மாதாந்திர வருமானம், தங்கைக்கு என்ன என்று நான்கும் இருக்கட்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும். உயிலில் பங்கு பெறுபவர் யாரும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிந்துவிடுங்கள். கட்டடம் இருக்கும் மனை தாத்தா வழியில் வந்ததென்றால் வக்கீலைப் பாருங்கள், அது வேறு வழக்கு.

கட்டடத்தை ஏன் ஃபர்முக்கு வெளியே வைக்கச் சொன்னேன் என்றால், மூலதனமாகக் கொண்டுவந்தால் அது ஃபர்மின் சொத்தாகிவிடும். அப்புறம் வியாபாரக் கடனும் குடும்பப் பங்கும் ஒரே இடத்தில் பின்னிக்கொண்டு பிரிக்கவே முடியாது.

கையெழுத்துப் போடும் முன் வங்கி மேனேஜரைப் பாருங்கள். சிசி கடனும் அதற்கு அடமானமும் அப்பா பெயரில் இருப்பதால் வங்கியின் சம்மதம் இல்லாமல் சரக்கை ஃபர்முக்கு மாற்றக் கூடாது. புதிய ஃபர்மின் கடனுக்கு நீங்களும் அண்ணனும் சொந்தப் பொறுப்பு ஏற்க வேண்டியிருக்கும், அதைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ளுங்கள். அப்புறம் டீட், ஃபர்முக்குப் பான், கரன்ட் அக்கவுன்ட், ஜிஎஸ்டி என்ற வரிசையில் போங்கள். அப்பாவின் பழைய ஜிஎஸ்டி பதிவை, வரி வரவை மாற்றிய பிறகுதான் ரத்து செய்ய வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே ரத்து செய்துவிட்டு வந்து நிற்காதீர்கள்.

டீடை நோட்டரியிடம் காட்டியதோடு நின்றுவிடாமல் பதிவுத் துறையில் ஃபர்மாகப் பதியுங்கள். பதியாத ஃபர்ம், கடனுக்குச் சரக்கு வாங்கிப்போன கான்ட்ராக்டர் மேல் பாக்கிக்கு வழக்குப் போட முடியாது. இதற்கு ஏஜென்ட் பெரிய தொகை கேட்டால், அரசுக் கட்டணம் எவ்வளவு என்று ரசீதோடு காட்டச் சொல்லுங்கள். டீட் எழுதி முடித்ததும் அப்பா முன்னிலையில் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அம்மாவும் தங்கையும் உடன் இருக்கட்டும். நகல் ஒன்று தங்கையிடமும் இருக்கட்டும்.